விண்வெளி நிர்வாகம் என்கிற சேவை: ஐந்துக்கு மூன்று, அதுவும் தாராளமாக

இந்தச் சேவைக்கு நாம் யாரும் விண்ணப்பம் போடவில்லை, பணம் கட்டிய ரசீதும் நம் கையில் இல்லை, ஆனாலும் போனில் வழி பார்க்கிறவர், நாளைக்கு மழை வருமா என்று கேட்கிறவர், கப்பலிலோ விமானத்திலோ போகிறவர் எல்லோருமே இதன் வாடிக்கையாளர்கள்தான். ஹெட்போனுக்கும் மிக்ஸிக்கும் விமர்சனம் எழுதுகிறோம், தலைக்கு மேலே பத்தாயிரத்துக்கும் அதிகமான செயற்கைக்கோள்கள் ஒன்றோடொன்று மோதாமல் சுற்றுவதற்குப் பின்னால் இருக்கிற ஏற்பாட்டுக்கு ஏன் யாரும் எழுதுவதில்லை என்று ரொம்ப நாளாக ஒரு யோசனை. ஒப்பந்தங்களையும் கூட்ட அறிக்கைகளையும் படிப்பது எனக்குக் கொஞ்சம் கிறுக்குத்தனமான பொழுதுபோக்கு. அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இது ஒரே கடை இல்லை. "விண்வெளிக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டுக்கொண்டு போனால் உங்களை வியன்னாவுக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து ஜெனீவாவுக்கு, அப்புறம் மாண்ட்ரியலுக்கு. ஒவ்வொரு கவுன்டரும் ஒரு வேலையைத்தான் பார்க்கும். கவுன்டருக்குக் கவுன்டர் தரத்தில் இருக்கிற வித்தியாசம் சாதாரணமானது இல்லை, அதனால்தான் மொத்தமாக ஒரு மதிப்பெண் போடுவதற்கே கஷ்டப்பட்டேன்.

உத்தரவாத அட்டையிலிருந்து ஆரம்பிக்கலாம். 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்டது, நிலாவில் மனிதன் கால் வைப்பதற்கு இரண்டு வருடம் முன்பு. எந்த நாடும் விண்வெளியையோ நிலாவையோ தனதாக்கிக்கொள்ள முடியாது, சுற்றுப்பாதையில் அணு ஆயுதம் வைக்கக் கூடாது என்று இரண்டு பெரிய வாக்குறுதிகள். ஆனால் எனக்குப் பிடித்தது ஆறாவது உறுப்பு. ஒரு நாட்டிலிருந்து தனியார் நிறுவனம் என்ன செய்தாலும் அதற்கு அந்த நாட்டு அரசுதான் பொறுப்பு, அனுமதி கொடுப்பதோடு விடாமல் தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டும். தனியார் ராக்கெட் என்பதே கற்பனையாக இருந்த நாளில் இந்த வரியை எழுதிவைத்தார்கள், இன்றைக்கு மேலே இருக்கிற பெரும்பாலான செயற்கைக்கோள்கள் தனியாருடையவை. அட்டைக்கு முழு மதிப்பெண்.

ஆனால் உத்தரவாத அட்டை இருக்கிற எல்லாருக்கும் தெரியும், அது எவ்வளவு நல்லது என்பது பொருள் பழுதான பிறகுதான் தெரியவரும். இங்கே அந்தச் சோதனை 1978 ஜனவரி 24 அன்று நடந்தது. சோவியத் யூனியனின் காஸ்மாஸ் 954, உள்ளே அணு உலையோடு, கனடாவின் வடமேற்குப் பகுதியில் சிதறி விழுந்தது. கதிர்வீச்சுத் துண்டுகளைப் பனியில் தேடிப் பொறுக்கிய செலவுக்குக் கனடா கேட்டது 60 லட்சம் கனடிய டாலருக்குக் கொஞ்சம் மேலே. 1972ஆம் ஆண்டின் இழப்பீட்டு உடன்படிக்கை இந்த விஷயத்தில் தெளிவானது: விண்பொருள் தரையில் விழுந்து சேதம் செய்தால் தவறு யாருடையது என்ற கேள்வியே கிடையாது, ஏவிய நாடு கொடுத்தே ஆகவேண்டும். மூன்று வருடம் பேசி 1981இல் 30 லட்சம் கிடைத்தது. பாதி. அந்த உடன்படிக்கையை வைத்து முறைப்படி கேட்கப்பட்ட ஒரே கோரிக்கை இன்றுவரை அதுதான். பாதியாவது வந்ததே என்று சொல்கிறவர்களும் உண்டு, நானும் ஓரளவு அந்தக் கட்சி.

கவனிக்கவேண்டிய நிபந்தனை ஒன்று, பொடி எழுத்தில் இருப்பது: கோரிக்கையை நீங்கள் வைக்க முடியாது. உங்கள் அரசுதான் தூதரக வழியில் வைக்கவேண்டும். ஒரு வருடத்துக்குள் பேசித் தீரவில்லை என்றால் ஒரு ஆணையம் அமைக்கலாம், ஆனால் இரண்டு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும்தான் அந்த ஆணையத்தின் முடிவு கட்டுப்படுத்தும், இல்லாவிட்டால் அது வெறும் பரிந்துரை. சொந்த நாட்டுப் பொருள் சொந்த நாட்டுக் குடிமகன் வீட்டின் மேலேயே விழுந்தால் இந்த உடன்படிக்கை பொருந்தவே பொருந்தாது. சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து முன்பு கழற்றிவிடப்பட்ட பழைய பேட்டரிச் சுமையின் உலோகத் துண்டு ஒன்று, முக்கால் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு, 2024 மார்ச்சில் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு வீட்டுக் கூரையைப் பிளந்து தரை வரைக்கும் இறங்கியதே, அந்தக் குடும்பம் நாசாவிடம் நேராகத்தான் கேட்கவேண்டியிருந்தது.

விண்வெளிக்குள்ளேயே மோதல் நடந்தால் கதை இன்னும் மோசம். அங்கே தவறு யாருடையது என்று நிரூபிக்கவேண்டும். 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே கிட்டத்தட்ட 790 கிலோமீட்டர் உயரத்தில், இயங்கிக்கொண்டிருந்த அமெரிக்கச் செயற்கைக்கோள் இரிடியம் 33-உம் செத்துப்போன ரஷ்யச் செயற்கைக்கோள் காஸ்மாஸ் 2251-உம் மோதின. கண்காணிக்கக்கூடிய அளவிலேயே இரண்டாயிரம் துண்டுகளுக்கு மேல். யாருடைய தவறு? ஒன்று செத்தது, அதனால் நகர முடியாது. இன்னொன்று நகர்ந்திருக்கலாம், ஆனால் நகரவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. சாலை விதியே இல்லாத இடத்தில் யார் தவறான பக்கம் வந்தார் என்று எப்படிச் சொல்வது? யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை.

சரி, இப்போது நல்ல கவுன்டருக்கு வருவோம். ஜெனீவாவில் இருக்கிற சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம். 1865இல் தந்திக் கம்பிகளுக்காக ஆரம்பித்த அமைப்பு, ஐ.நா.வைவிட எண்பது வயது மூத்தது. செயற்கைக்கோள் பேசுவதற்கு அலைவரிசை வேண்டும், பூமியோடு சேர்ந்தே சுற்றுகிற 35,786 கிலோமீட்டர் உயரப் பாதையில் (புவிநிலைப் பாதை என்பார்கள்) ஓர் இடம் வேண்டும், இரண்டும் அளவுக்கு உட்பட்டவை. உங்கள் நாடு விண்ணப்பிக்கவேண்டும், ஏற்கெனவே இருப்பவர்களோடு பேசி இடைஞ்சல் வராது என்று உறுதிசெய்யவேண்டும், அதற்கப்புறம் பேரேட்டில் பதிவாகும். பதிவானால் உங்களுக்குச் சர்வதேச அங்கீகாரம், பின்னால் வருகிறவர் உங்களுக்கு இடைஞ்சல் செய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒன்றியத்திடம் போலீஸ் கிடையாது, அபராதம் போடுகிற அதிகாரமும் கிடையாது, ஆனாலும் வரிசையில் எல்லோரும் நிற்கிறார்கள். காரணம் எளிது. வரிசையை உடைத்தால் உங்கள் சிக்னலும்தான் நாசமாகும், உங்கள் முதலீட்டைக் காப்பாற்றுவதே அந்தப் பேரேடுதான்.

குறை இல்லாமல் இல்லை. முந்திக்கொள்பவருக்கே முதல் உரிமை என்பதுதான் பெரும்பாலான அலைவரிசைகளில் நடைமுறை, அதனால் துண்டு போட்டு இடம் பிடிக்கிற பழக்கம் இங்கேயும் வந்தது. காகிதச் செயற்கைக்கோள் என்றே அதற்குப் பெயர்: விண்ணப்பம் மட்டும் இருக்கும், பொருள் இருக்காது. 1980களின் கடைசியில் டோங்கா என்ற குட்டித் தீவு நாடு 16 இடங்களுக்கு விண்ணப்பித்து எல்லோரையும் திகைக்கவைத்தது. 2021இல் ருவாண்டா 3,27,000க்கும் அதிகமான செயற்கைக்கோள்களுக்கு விண்ணப்பம் கொடுத்தது. ஒன்றியமும் சும்மா இல்லை. விண்ணப்பித்து ஏழு வருடத்துக்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவரவேண்டும், புவிநிலைப் பாதையில் என்றால் ஒரு செயற்கைக்கோள் 90 நாள் தொடர்ந்து அந்த இடத்தில் நிற்கவேண்டும், சும்மா கொண்டுபோய்க் காட்டிவிட்டு நகர்த்தக் கூடாது. செயற்கைக்கோள்களைக் கூட்டம் கூட்டமாக ஏவுகிறவர்களுக்கு 2019 மாநாட்டில் படிப்படியான கெடு வைத்தார்கள்: அந்த ஏழு வருடம் முடிந்து இரண்டாவது வருடத்துக்குள் 10 சதவீதம், ஐந்தாவது வருடத்துக்குள் 50, ஏழாவது வருடத்துக்குள் முழுவதும். ஏவாவிட்டால் விண்ணப்பத்தின் அளவைக் குறைத்துவிடுவார்கள். பணக்கார நாடுகளே எல்லா இடத்தையும் பிடித்துவிடும் என்ற பயத்தைப் போக்க, 1988இல் சில அலைவரிசைகளில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் இடம் என்று ஒதுக்கியும் வைத்தார்கள். அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்னால், நிலநடுக்கோட்டு நாடுகள் எட்டு போகோட்டாவில் கூடி, எங்கள் தலைக்கு நேர் மேலே இருக்கிற பாதை எங்களுடையது என்று அறிவித்ததை யாரும் ஏற்கவில்லை. ஆனால் அவர்கள் கேட்ட கேள்விக்கான பாதிப் பதில் இந்த ஒதுக்கீட்டில் வந்துசேர்ந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். இந்தக் கவுன்டருக்கு நாலரை.

வியன்னா கவுன்டர் வேறு மாதிரி. விண்வெளியை அமைதி வழியில் பயன்படுத்துவதற்கான ஐ.நா. குழு, சுருக்கமாக கோபுவாஸ். 1959இல் நிரந்தரக் குழுவானபோது 24 நாடுகள், இப்போது நூற்றைத் தாண்டிவிட்டது. வாக்கெடுப்பு கிடையாது, எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. வருடத்தில் அறிவியல் துணைக்குழு, சட்டத் துணைக்குழு, அப்புறம் ஜூனில் முழுக் குழு என்று மூன்று முறை கூடுகிறார்கள். ஒருவர் தலையை ஆட்ட மறுத்தாலும் விஷயம் அடுத்த வருடத்துக்குப் போய்விடும். விண்வெளி எங்கே ஆரம்பிக்கிறது என்ற கேள்வி 1960களிலிருந்தே சட்டத் துணைக்குழுவில் இருக்கிறது, கிணற்றில் போட்ட கல். 100 கிலோமீட்டர் என்று நாம் பள்ளியில் படித்தது எந்த விண்வெளி ஒப்பந்தத்திலும் இல்லை.

இந்தக் குழுவின் பழைய சாதனைகளைக் குறைத்துப் பேச மாட்டேன், முதல் இருபது வருடத்தில் ஐந்து உடன்படிக்கைகளை முடித்தவர்கள் இவர்கள்தான். ஆனால் ஐந்தாவதான நிலா உடன்படிக்கை 1979இல் வந்தது, அதை ஏற்ற நாடுகள் இருபதுகூட இல்லை, 2024இல் சவுதி அரேபியா வெளியேயும் போய்விட்டது. அதற்குப் பிறகு கட்டுப்படுத்துகிற ஒப்பந்தம் ஒன்றுகூட இங்கிருந்து வரவில்லை. வருவதெல்லாம் வழிகாட்டுதல்கள். விண்குப்பை வழிகாட்டுதல் 2007இல் வந்தது. நீண்டகால நிலைத்தன்மைக்கான 21 வழிகாட்டுதல்களுக்கு 2010இல் வேலை ஆரம்பித்து 2019இல் முடித்தார்கள். ஒன்பது வருடம், 21 வேண்டுகோள். "செய்யவேண்டும்" என்ற சொல் வரவேண்டிய இடத்தில் "செய்வது நல்லது" என்று இருக்கும்.

இதில் ஒரு பாராட்டும் சொல்லவேண்டும். அந்த 2007 ஆவணம் வானத்திலிருந்து குதித்தது இல்லை. விண்வெளி நிறுவனங்களே 1993இல் ஐ.ஏ.டி.சி. என்று ஒரு குழு அமைத்து, பொறியாளர்களாக உட்கார்ந்து பேசி, 2002இல் எழுதியதைத்தான் ராஜதந்திரிகள் பிறகு எடுத்துக்கொண்டார்கள். வேலை முடிந்த செயற்கைக்கோள் தாழ்வான பாதையில் 25 வருடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. அதைச் சில அரசுகள் தங்கள் உரிமத்தில் நிபந்தனையாகச் சேர்த்தபோதுதான் அதற்குப் பல் முளைத்தது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2022இல் அதை ஐந்து வருடமாகக் குறைத்தது, 2023இல் டிஷ் நிறுவனம் தன் பழைய எக்கோஸ்டார் 7 செயற்கைக்கோளைச் சொன்ன உயரத்துக்கு, புவிநிலைப் பாதையிலிருந்து 300 கிலோமீட்டர் மேலே, கொண்டுபோகாமல் 122 கிலோமீட்டரிலேயே விட்டதற்காக 1,50,000 டாலர் அபராதமும் போட்டது. தொகை அந்த நிறுவனத்துக்குத் தூசு. ஆனால் விண்குப்பைக்காக யாராவது யாருக்காவது ரசீது எழுதியது அதுவே முதல் முறை என்பதால் நான் அதை மதிக்கிறேன். கவனியுங்கள், ரசீது எழுதியது வியன்னா இல்லை. உரிமத்தைக் கையில் வைத்திருக்கிற ஒரு நாட்டின் அலுவலகம்.

வேண்டுமென்றே உடைக்கிறவர்களிடம் இதுவும் செல்லாது. 2007இல் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளை ஏவுகணையால் உடைத்தது, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். 2021 நவம்பரில் ரஷ்யா காஸ்மாஸ் 1408ஐ உடைத்தபோது விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள், ரஷ்யர்கள் உட்பட, தங்கள் கலங்களுக்குள் ஒதுங்கவேண்டிவந்தது. 2008இல் அமெரிக்காவும் 2019இல் இந்தியாவும் கூட இப்படி உடைத்தவைதான், அவை தாழ்வான உயரத்தில். 2022இல் ஐ.நா. பொதுச் சபை, இனி இப்படிச் செய்யாதீர்கள் என்று நாடுகளைக் கேட்டு ஒரு தீர்மானம் போட்டது, அதுவும் கட்டுப்படுத்தாது. ஆயுத விவகாரம் ஜெனீவாவில் வேறொரு மன்றத்தின் பொறுப்பு, அங்கே பல பத்தாண்டுகளாகத் தேக்கம். 2024 ஏப்ரலில் அணு ஆயுதத்தை விண்வெளியில் வைக்காதீர்கள் என்ற தீர்மானத்தைப் பாதுகாப்புச் சபையில் ரஷ்யா தன் வீட்டோவால் தடுத்தது. ஐம்பத்தேழு வருடத்துக்கு முன்னால் எல்லோரும் கையெழுத்துப் போட்ட அதே விஷயம். இந்தப் பிரிவுக்கு நான் மதிப்பெண் போடப்போவதில்லை.

பதிவேடு பற்றி இரண்டு வரி. ஏவிய ஒவ்வொரு பொருளையும் ஐ.நா.விடம் பதிவுசெய்யவேண்டும், இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம், நான் அடிக்கடி தேடுகிறேன், ஸ்புட்னிக் காலத்துப் பெயர்களெல்லாம் கிடைக்கும்போது ஒரு சின்ன சந்தோஷம். ஆனால் பதிவுசெய்ய நாள் கெடு கிடையாது, "நடைமுறையில் முடிந்த அளவு விரைவில்" என்றுதான் உடன்படிக்கை சொல்கிறது. என்ன வேலைக்காக என்ற இடத்தில் "பொதுவான செயல்பாடு" போதும். வரலாற்றுக்கு நல்லது, மோதலைத் தவிர்க்க உதவாது. மோதலைத் தவிர்ப்பது இன்னமும் ஆளுக்கு ஆள் பேசிக்கொள்வதில்தான் நிற்கிறது. 2019 செப்டம்பரில் ஐரோப்பாவின் ஏயோலஸ் செயற்கைக்கோள், ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஒரு ஸ்டார்லிங்க் செயற்கைக்கோளுக்கு வழிவிட்டு நகர்ந்தது, அதற்கு முன்னால் இரு தரப்பும் மின்னஞ்சலில் பேசியிருக்கிறார்கள், அபாயம் கூடிய நேரத்தில் வந்த தகவலை, தங்கள் எச்சரிக்கை அமைப்பில் இருந்த பிழையால் கவனிக்கவில்லை என்று ஸ்பேஸ்எக்ஸ் சொன்னது. 2021இல் இரண்டு முறை தன் விண்வெளி நிலையத்தை நகர்த்தவேண்டிவந்த சீனா, ஐ.நா. பொதுச் செயலாளருக்குக் கடிதம் எழுதியது. முதல் சம்பவம் ஜூலையில், கடிதம் டிசம்பரில். நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் போகிற பொருள்களுக்கு இதுதான் புகார்ப் பெட்டி.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் மூன்று நட்சத்திரம் என்றால், சத்தமில்லாமல் ஓடுகிற சில கவுன்டர்கள் இருக்கின்றன, அவற்றைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

வானிலைக்காரர்களைப் பாருங்கள். செயற்கைக்கோள் வைத்திருக்கிற நாடுகளின் ஒருங்கிணைப்புக் குழு ஒன்று 1972லிருந்து இருக்கிறது. அமெரிக்காவிடம் ஒரே ஒரு புவிநிலை வானிலைச் செயற்கைக்கோள் மிஞ்சியிருந்த 1990களின் தொடக்கத்தில், ஐரோப்பா தன் மீட்டியோசாட் 3ஐ அட்லாண்டிக்கின் மேற்குப் பக்கம் நகர்த்திக் கொடுத்தது. 1999இல் ஜப்பானின் புதிய செயற்கைக்கோள் ஏவும்போதே போய்விட, பழையதும் தளர்ந்துபோக, 2003இல் அமெரிக்கா தன் கோஸ் 9ஐ பசிபிக் பக்கம் அனுப்பி இரண்டு வருடம் படம் எடுத்துக் கொடுத்தது. பக்கத்து வீட்டில் ஏணி இரவல் வாங்குவது மாதிரிதான், ஏணி மட்டும் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது.

பேரிடர் வந்தால் படம் எடுத்துக் கொடுக்கிற சர்வதேச சாசனம் 2000லிருந்து நடக்கிறது, விண்வெளி நிறுவனங்கள் 17 அதில் இருக்கின்றன, வெள்ளம், நிலநடுக்கம் என்று 800 தடவைக்கு மேல் அழைத்திருக்கிறார்கள், படம் இலவசம். வறட்சி மாதிரி மெதுவாக வருகிற துயரத்துக்கு இது கிடையாது, அது ஒரு குறை. விண்கல் எச்சரிக்கைக்கும் 2014லிருந்து இரண்டு குழுக்கள் உண்டு. 2024 டிசம்பரில் கண்டுபிடிக்கப்பட்ட 2024 ஒய்ஆர்4, 2032இல் பூமியில் மோத 1 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்று வந்ததும் முறைப்படி அறிவிப்பு போனது, பிப்ரவரியில் 3.1 வரை ஏறி, உலகத் தொலைநோக்கிகள் எல்லாம் அளந்து கொடுக்கக் கொடுக்க, அதே மாதத்துக்குள் கிட்டத்தட்டப் பூஜ்யமானது. பதற்றமும் இல்லை, மூடிமறைப்பும் இல்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது மாண்ட்ரியல் கவுன்டர், காஸ்பாஸ்-சார்சாட் என்ற மீட்பு ஏற்பாடு. கப்பல், விமானம், மலையேறுகிறவர் வைத்திருக்கிற அபாயக் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் கூப்பிட்டால் செயற்கைக்கோள் கேட்டு, பக்கத்தில் இருக்கிற மீட்பு மையத்துக்குச் சொல்லும். கூப்பிடுகிறவர் காசு கொடுக்கவேண்டியதில்லை. 1979இல் இதை ஆரம்பித்தவர்கள் அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் யூனியன். 1982 செப்டம்பரில் முதல் மீட்பு: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் விழுந்த சிறு விமானத்திலிருந்த மூன்று பேர். அவர்கள் குரலைக் கேட்டது சோவியத்தின் காஸ்மாஸ் 1383. நான்கு வருடம் முன்னால் அதே கனடாவின் மேல் அணு உலையைப் போட்டதும் ஒரு காஸ்மாஸ்தான், அதற்கான இழப்பீட்டுப் பேச்சு முடிந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. பனிப்போர் உச்சத்தில் இருந்தது. இரு தரப்புப் பொறியாளர்களும் ஒரே சிக்னல் வடிவத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான் தேவைப்பட்டது. இப்போது ஜி.பி.எஸ்., கலிலியோ, குளோனாஸ் செயற்கைக்கோள்களும் இதற்குக் காது கொடுக்கின்றன. கலிலியோ, உங்கள் அழைப்பு வந்துசேர்ந்தது என்று பதிலும் அனுப்புகிறது. ஐந்துக்கு ஐந்து.

அந்தக் கருவி உங்களிடம் இருந்தால், வாங்கிய கையோடு அதில் இருக்கிற 15 இலக்க அடையாள எண்ணைப் பதிவுசெய்துவிடுங்கள், இலவசம், உங்கள் நாட்டில் அதற்கு அலுவலகம் இல்லையென்றால் சர்வதேசப் பதிவுத் தளத்திலேயே செய்யலாம். பதிவு இருந்தால் மீட்பு மையம் முதலில் நீங்கள் கொடுத்த தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டு, கருவி தவறுதலாக அலறுகிறதா நிஜமாகவே ஆபத்தா என்று கேட்டுவிடும். வேலை செய்கிறதா என்று பார்க்க நிஜப் பொத்தானை அழுத்தாதீர்கள், அதற்குத் தனியாகச் சோதனைப் பொத்தான் இருக்கிறது. பேட்டரி காலாவதித் தேதி வெளியிலேயே ஒட்டியிருக்கும், அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.